பிபியும் நானும் ஒரு கிலோ உப்பும்

"என் பிபியை ஏத்தாதீங்க!"

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு தடவை இந்த வசனம் கேட்கும். ஈரத் துண்டை சோபா மேல் போட்டதற்கு ஒரு தடவை. மார்க்கெட்டிலிருந்து முற்றின வெண்டைக்காயாகப் பார்த்துப் பொறுக்கி வந்ததற்கு ஒரு தடவை. பாக்கி இரண்டும் பெண்ணின் ஹோம்வொர்க் சம்பந்தப்பட்டவை. இத்தனை ஏற்றியும் என் மனைவியின் பிபி 112/74. ஏற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அடியேனுடையது 154/98.

நியாயமா இது, நீங்களே சொல்லுங்கள்!

நம் ஊரில் பிபி என்றால் கோபம் என்று அர்த்தமாகிவிட்டது. சினிமாவில் பிபி உள்ளவர் என்றால் முதலாளியாக இருப்பார். டெலிபோனில் கத்துவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார், மகள் தண்ணீர் கொண்டு ஓடி வருவாள். கத்தாதவனுக்கு பிபி வராது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நான் கத்துகிற ரகம் இல்லை. வீட்டில் கத்த எனக்கு வாய்ப்பு கொடுக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கண்டுபிடித்தவர் எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி. ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். குடியிருப்பு முழுக்க அவருக்கு 'பேங்க் சார்' என்றுதான் பெயர். அவர் மகன் பிறந்த நாள் பரிசாக பிபி பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் யாரும் சட்டைக் கையை இறக்கிவிட்டு நடமாட முடியவில்லை. பால்காரர், வாட்ச்மேன், மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர் யாரையும் விடுவதில்லை. மெயின்டனன்ஸ் பணம் கட்டப் போனால் ரசீதுக்கு முன்னால் பட்டையைக் கட்டிவிடுகிறார்.

நான் போனது மூன்று மாத பாக்கியோடு. மிஷின் உய்ய்ங் என்று கையை இறுக்கியது. பேங்க் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செக் திரும்பி வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"154, கீழே 98."

"மிஷின் சரியில்லை போலிருக்கு சார்."

அவர் ஒன்றும் பேசாமல் தன் கையில் கட்டிப் பார்த்தார். 126/78. "மிஷின் சரியாத்தான் இருக்கு தம்பி."

மூன்று மாடி ஏறி வந்தேன் என்றேன். இப்போதுதான் காபி குடித்தேன் என்றேன். பாக்கிப் பணத்தை நினைத்ததும் படபடப்பு என்றேன். ஆச்சரியம் என்னவென்றால், பேங்க் சார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மனுஷர் பேங்க்கில் முப்பது வருஷம் இருந்தவர், பாரத்தின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பவர். மிஷினோடு வந்த காகிதத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

பிபி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறதாம். அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். கை, நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்ட வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மற்றதைச் சராசரி எடுக்க வேண்டும்.

"ஒரு தடவை பார்த்ததை வச்சு முடிவு பண்ணக் கூடாது தம்பி. ஒரு நாள் பேலன்ஸைப் பார்த்து லோன் கொடுப்போமா?" என்றார்.

பி.காம். படித்தவனிடம் சராசரி என்று சொன்னால் சும்மா இருப்பானா? நோட்டுப் போட்டு எழுதினேன். ஒரு வாரம் கழித்துக் கூட்டி வகுத்தேன். 150/96. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தும் வித்தியாசம் குறையவில்லை.

என்னை உறுத்தியது ஒன்றுதான். தலைவலி இல்லை. தலைச்சுற்றல் இல்லை. ராத்திரி தூக்கம் வருகிறது. வந்தது அடுத்த அறை வரை கேட்கிறது. இத்தனை அழுத்தம் உள்ளே இருக்கும்போது ஒரு சின்ன அறிவிப்பாவது வர வேண்டாமா? கரண்ட் பில் கட்டாவிட்டால்கூட முதலில் சொல்லிவிட்டுத்தான் ஃப்யூஸைப் பிடுங்குகிறார்கள். பிபி சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு பிபி இருக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. பேங்க் சாருக்கு மகன் பரிசு கொடுக்காமல் இருந்தால் நானும் அந்தப் பாதியில் சேர்த்திதான்.

மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு அழகா எழுதிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த கேள்வியில் அது இறங்கிவிட்டது.

"வீட்டில வேற யாருக்காவது பிபி உண்டா?"

"அப்பாவுக்கு இருந்தது."

*

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார். ஆனால் பேனாவை எடுத்தால் வேகம். நாள்வழியும் பேரேடும் அச்சடித்த மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்தால் முதலில் கணக்கைப் பார்க்க மாட்டார், கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பி.காம். சேர்ந்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அந்தப் பேரேடுகள்தான்.

2009 ஆனியில் ஓர் இலவச முகாமில் அவருக்கு பிபி பார்த்தார்கள். அதிகம் என்று ஒரு பட்டை மாத்திரை, பத்து மாத்திரை கொடுத்து, தீர்ந்ததும் வரச் சொன்னார்கள். அப்பா இரண்டு போட்டார். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலியே, எதுக்கு மாத்திரை?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. மாத்திரை போடாத மனுஷன்!

அந்த வருஷம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், கடையில் கூட்டம் நெரிகிறபோது, நாள்வழி எழுதிக்கொண்டிருந்த பேனா கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. வாயு என்றார்கள். மயக்கம் என்றார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் காலையில்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாரும் நல்லவர்கள். எனக்கு அப்போது இருபது வயசு, எனக்கும் ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதம். குடிக்க ஒன்றும் கொடுக்கக் கூடாது, புரையேறும். 108-க்கு போன் செய்து ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடைப்பினால் வந்ததாக இருந்தால் அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நாங்கள் ஓர் இரவு முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா பிழைத்தார். வலது கை வரவில்லை.

பேங்க்கில் பணம் எடுக்க அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனபோது, கவுண்டரில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் மை டப்பாவை நகர்த்தினார். அப்பா இடது கட்டைவிரலை வைத்தார். வீடு வரை பேசவில்லை. மறுநாள் என்னிடம் நாலு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். எட்டு மாதம், தினம் ஒரு பக்கம், இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகினார். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து மாதிரி வந்தது. பேங்க்கில் அந்தக் கையெழுத்தை ஏற்றுக்கொண்ட அன்று எங்கள் வீட்டில் கேசரி.

2016-இல் அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ரசீதுகள், ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட் நகல்கள். அடியில் அந்தப் பட்டை. இரண்டு குழி காலி, எட்டு மாத்திரை மிச்சம்.

*

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் பார்த்தபோது பிபி 186/108. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஊருக்கு மட்டும், ஐயா நலமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் நாலாம் தடவையாகத் தேர்தலில் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியர் ஒருவர் அவர் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது, தலையின் பின்னால் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது பிபி 300/190. மூளையில் ரத்தக் கசிவு. அன்றே இறந்துபோனார். வயசு 63.

"உலகத்திலேயே பெரிய பதவி. எத்தனை டாலர் கொடுத்தாலும் அவருக்கு மாத்திரை கிடையாது. அப்ப கண்டுபிடிக்கலை. தினம் போட்டுக்கற மாதிரி சௌகரியமான மாத்திரை 1958-இல்தான் வந்தது. இன்னிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமக் கொடுக்கறாங்க" என்றார் டாக்டரம்மா.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது என் அப்பாவின் தகரப் பெட்டியில் எட்டு இருந்தது.

எனக்கு உடனே மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்தார். "உங்களுக்கு இன்னும் சுகர் இல்லை, கிட்னி நல்லா இருக்கு. அதனால இந்தத் தவணை. இதைவிட அதிகமா இருந்தா இன்னிக்கே மாத்திரைதான். உப்பு, எடை, நடை. மூணையும் சரி பண்ணிட்டு வாங்க."

உப்புக்கும் அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அபார்ட்மெண்ட்வாசி என்பதால் அவர் சொன்னது சட்டென்று புரிந்தது. உப்பு போகிற இடத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிட்னியால் அதிக உப்பைச் சீக்கிரம் வெளியே தள்ள முடியாவிட்டால் ரத்தக் குழாயில் தண்ணீர் கூடும். அதே பைப், அதிகத் தண்ணீர். மோட்டார், அதாவது இதயம், இன்னும் தம் கட்டி அடிக்க வேண்டும். நாளடைவில் பைப்பும் விறைத்துப்போகும். எங்கள் பிளாக்கில் இப்படித்தான் போன வருஷம் மூன்றாம் மாடி பாத்ரூமில் வெடித்தது. மூளையிலும் அதே பிளம்பிங்தான், ஆனால் மாற்றிப் போட ஆள் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு. தட்டையாக ஒரு டீஸ்பூன். இட்லி, சாம்பார், மோர், முறுக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். நம் நாட்டில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும் சராசரி 8 முதல் 11 கிராம் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் எவ்வளவு? தணிக்கை செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"உப்பு பாக்கெட் என்னிக்குப் பிரிச்சே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"என்னங்க, உப்புக்குக்கூடக் கணக்கா? எங்கப்பா வீட்டிலிருந்து கொண்டு வரணுமா?"

விஷயத்தை விளக்கி, இரண்டு நாள் மௌன விரதம் அனுஷ்டித்த பிறகு தேதி கிடைத்தது. நாங்கள் நாலு பேர். ஒரு கிலோ பாக்கெட் 25 நாளில் தீர்ந்தது. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்து, நாலால் வகுத்தால், ஆளுக்கு 10 கிராம். ஐம்பது நாள் வர வேண்டிய பாக்கெட்! அதுவும் ஒன்பது வயசுப் பெண்ணைப் பெரிய ஆளாக வைத்துப் போட்ட கணக்கு.

எதிர்தரப்பு ஆட்சேபணை தெரிவித்தது. "அம்மா கால் வலிக்கு வெந்நீர்ல போடறோமே, அதைக் கழிங்க." கழித்தேன். "காலிஃப்ளவர் கழுவறது?" கழித்தேன். "வெள்ளிக்கிழமை உங்களுக்குத் திருஷ்டி சுத்திப் போடறது?"

"எனக்குத் திருஷ்டியா?"

"உங்க அழகுக்கு இல்லீங்க. உங்க பிபிக்கு."

எல்லாம் கழித்தும் எட்டரைக்கு மேல் நின்றது. ஆனால் இது கணக்கில் வந்த உப்பு மட்டும்தான். கணக்கில் வராதது தனி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, ரொட்டி, பிஸ்கட், ஆபீஸ் கேண்டீன் சாம்பார், சாயங்கால மிக்சர். கறுப்புப் பணம் மாதிரி இது வெள்ளை உப்பு. எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் காட்ட மாட்டார்கள்.

மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். உப்பு என்று போடவில்லை, சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நான் வாங்கியதில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. டிவியில் ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்கு நான் 200 கிராம் காலி செய்வேன். மேட்ச் முடிவதற்குள் என் அன்றைய பங்கில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அம்மா வாதாடினாள். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று சமாதானம் ஏற்பட்டது. முதல் வாரம் சாம்பார் வெந்நீர் மாதிரி இருந்தது. பெண் தட்டைப் பார்த்து, "அப்பா, இது ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்றாள். மனைவி எலுமிச்சம்பழம், மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டு என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். மோருக்கு உப்பு கிடையாது, இஞ்சியும் கறிவேப்பிலையும் மட்டும். சாதம் வடிக்கும்போது உப்பு கட். சாப்பாட்டு மேஜையிலிருந்த உப்பு ஜாடி அலமாரிக்குக் குடிபெயர்ந்தது. நாலு வாரம் தாண்டியதும் ஒரு அதிசயம். கல்யாண வீட்டு ரசம் வாயில் வைத்தேன், கரித்தது. பக்கத்து இலைக்காரர் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார். நாக்கு மாறிவிட்டது ஐயா! சிபாரிசு பண்ணினால் கேட்காத நாக்கு, பட்டினி போட்டால் கேட்கிறது.

ஆபீசில் ஒரு நண்பர், இந்துப்புக்கு மாறுங்கள், அது பிபியை ஏற்றாது என்றார். சாதா உப்பைவிடப் பல மடங்கு விலை, இளஞ்சிவப்பு நிறம், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் அதே சோடியம் குளோரைடுதான். கூடுதலாக, நம் சாதா உப்பில் சேர்க்கிற அயோடின் அதில் பெரும்பாலும் இருக்காது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் சோதித்து 2021-இல் முடிவு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்களும் சிலவகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைத் தொட்டால் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. நமக்கு வாழைப்பழமும் கீரையும் பயறும் இருக்கின்றன. பொட்டாசியம் அதிலும் நிறைய. இதற்கும் கிட்னி சரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது நடை. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள், அரை அரை மணி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்றார் டாக்டரம்மா. நான் பாடினால் என்ன ஆகும் என்பதைத் தெரு நாய்கள் ஏற்கெனவே நிரூபித்திருப்பதால் பேசிக்கொண்டே நடந்தேன், பேங்க் சாருடன். பூங்காவுக்கு வெளியே ஒரு வடைக் கடை. முப்பது நிமிஷம் நடந்தவர்கள் அங்கே முப்பத்தோராவது நிமிஷத்தில் நிற்கிறார்கள். வரவு 150 கலோரி, செலவு இரண்டு வடை. எந்தக் கம்பெனியும் இப்படி நடந்தால் மூன்றே மாதத்தில் மூடிவிடுவார்கள். நானும் பேங்க் சாரும் எதிர்ப்பக்க பிளாட்பாரத்துக்கு மாறினோம். வாசனை வரத்தான் செய்கிறது. என்ன செய்ய, மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்.

எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் நம்பர் ஏறக்குறைய ஒரு பாயிண்ட் குறையும் என்பது உத்தேசக் கணக்கு. எடையைவிட இடுப்பைப் பாருங்கள் என்கிறார்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. என் பெல்ட்டில் நானே ஆணி வைத்துப் போட்ட எக்ஸ்ட்ரா ஓட்டைகள் இரண்டு. அவை என் குற்றத்துக்குச் சாட்சி.

தணிக்கையில் அகப்பட்ட சில்லறை ஐட்டங்கள் இன்னும் உண்டு. மச்சான் ஒருவர் வந்தார். "ரெட் ஒயின் நெஞ்சுக்கு நல்லதாம் மாப்பிள்ளை" என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டதில், எந்த நிறத்தில் குடித்தாலும் பிபியை ஏற்றும், குடிக்காதவர் நெஞ்சுக்காகத் தொடங்க வேண்டியதில்லை என்றார். மச்சான் முகம் வாடிவிட்டது. புகை பற்றிச் சொல்லவே வேண்டாம், பிபியோடு அது சேர்ந்தால் நெருப்போடு மண்ணெண்ணெய். முதுகு வலிக்கு மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கி விழுங்குகிற வலி மாத்திரைகளில் பல, பிபியை ஏற்றுமாம். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று அம்மா வாயில் அடக்கிக்கொள்கிற அதிமதுரம்கூடத் தினமும் அதிகம் சாப்பிட்டால் ஏற்றும் என்றதும் அம்மாவுக்கு அதிர்ச்சி. மூலிகையாச்சே! அப்புறம் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற பலமான குறட்டை இருந்தால், அதுவும் பிபிக்குக் காரணமாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். இந்த ஒரு பாயிண்ட்டை மட்டும் என் மனைவி டாக்டரம்மாவை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்தது. உப்பு பாக்கெட் 42 நாள் வந்தது. எடை 81-இலிருந்து 76. பெல்ட்டில் ஓர் ஓட்டை விடுதலை. பிபி 142/92.

பரீட்சை ரிசல்ட் பார்த்த பையன் மாதிரி, "ஃபெயிலா டாக்டர்?" என்றேன்.

"எட்டு பாயிண்ட் குறைச்சிருக்கீங்க, அது ஃபெயிலா? ஆனா இன்னும் 140-க்கு மேல இருக்கு. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. ஒரு சின்ன மாத்திரை தினம் ஒண்ணு போடலாம். நடையும் உப்பும் அதே மாதிரி தொடரணும். அதனாலதான் சின்ன மாத்திரையில முடியுது."

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. இத்தனை சாதுவாக சாம்பார் சாப்பிட்டு, வடை வாசனையைத் தியாகம் செய்து, கடைசியில் மாத்திரையா? இது வாழ்க்கை முழுக்கவா என்று கேட்டேன்.

"இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டறீங்களா?"

"கட்டறேன்."

"போன வருஷம் ஏதாவது க்ளெய்ம் வந்ததா?"

"இல்லை."

"ஏன் கட்டினோம்னு வருத்தப்பட்டீங்களா?"

பி.காம். படித்தவனை இப்படி மடக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டேன்.

மாத்திரை நமக்கு ஒன்றும் செய்வதாகத் தெரியாது. போடும்போது ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அது பார்க்கிற வேலை. என் அப்பா மாதிரி கணக்கில் புலியான மனுஷருக்கே இந்த வரவு கண்ணில் படவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 18 வயசு தாண்டியவர் யாராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சட்டைக் கையை மடக்குங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். கோபம் வராதவர்கள் முதலில் போங்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பது அதனால்தானோ என்னவோ. கால் வீக்கம், இருமல் என்று ஏதாவது தொந்தரவு தந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், வேறு மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன.

முதல் பட்டை தீர்ந்த அன்று காலையில் பேங்க் சார் மிஷினில் பார்த்தேன். 128/82. அவர் ரசீதில் எழுதுகிற மாதிரி அழுத்தி எழுதிக் கொடுத்தார். மெயின்டனன்ஸ் பாக்கி இன்னும் ஒரு மாதம் நிற்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து காலிப் பட்டையைக் குப்பையில் போடப் போனேன். அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குழியாக விரலால் தடவி எண்ணினாள். பத்தும் காலி.

"சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "அவனுக்குக் காபி கொடும்மா" என்றாள்.